பெட்டியில் சேனலுக்கு 300 வாட், வெளியே வருவது 58: ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களும்

இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது, அலுமினியக் கூட்டுக்குள் அடங்கிய, குறைவாகச் சூடாகும் கிளாஸ் டி வகையைச் சேர்ந்த ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர். ஒரே சர்க்யூட் போர்டு பல பெயர்களிலும் பல நிறக் கூடுகளிலும் விற்கப்படுவதால், எந்தப் பெயரைச் சொன்னாலும் அது பாதி விவரமாகவே இருக்கும். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். முகப்பில் வால்யூம், பேஸ், ட்ரெபிள் என மூன்று குமிழ்கள், பின்புறம் ஆர்சிஏ இன்புட், ஸ்பீக்கர் டெர்மினல்கள், டிசி அடாப்டருக்கான துளை, அவ்வளவுதான். அட்டைப் பெட்டியின் மேல் தடித்த எழுத்தில் 300 வாட் + 300 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உடன் வரும் அடாப்டரின் அடிப்பகுதியிலோ 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் படித்தாலே கணக்கு உதைக்கிறது: 32 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 160 வாட். 160 வாட் உள்ளே போகும் கருவியிலிருந்து 600 வாட் தொடர்ந்து வெளியே வருவதற்கு இயற்பியலில் வழி கிடையாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேனலுக்கு (இடம், வலம் ஒவ்வொன்றுக்கும்) ஏறக்குறைய 60 வாட் தரும் ஆம்ப்ளிஃபயராக இதை எடுத்துக்கொண்டால், இது நல்ல கருவி. தெளிவான ஒலி, குறைவான இரைச்சல், கை வைத்தால் சுடாத கூடு. 600 வாட் என்ற எண்ணை நம்பி, அதனால் வீடு அதிரும் பேஸ் கிடைக்கும் என்று வாங்குபவருக்கு இது ஏமாற்றத்தையே தரும். ஆனால் அந்த ஏமாற்றத்துக்குப் பெட்டியில் உள்ள பொய்யான எண் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, வாட்டுக்கும் பேஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்ற, பரவலாக வேரூன்றிவிட்ட நம்பிக்கை. உண்மையாகவே 300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயரை அதே ஸ்பீக்கர்களில் இணைத்திருந்தாலும் அவர் எதிர்பார்த்த பேஸ் வந்திருக்காது. இந்த மதிப்புரை ஆம்ப்ளிஃபயரைப் பற்றியது என்றாலும் இதன் பெரும்பகுதி ஸ்பீக்கர்களைப் பற்றி இருப்பதற்குக் காரணம் அதுவே.

உள்ளே இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 என்ற சிப். அது தரமான சிப் என்பதில் ஐயமில்லை. அதன் தரவுத்தாளிலேயே 4 ஓம் சுமையில் சேனலுக்கு 315 வாட் என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒன்று, 10 விழுக்காடு டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு). அதாவது காதுக்குத் தெளிவாகவே கரகரப்பாகக் கேட்கும் நிலை. டிஸ்டார்ஷனை 1 விழுக்காட்டுக்குள் வைத்தால் அதே தாள் 260 வாட் என்கிறது. மற்றொன்று, அந்த அளவை எட்ட 51 வோல்ட் மின்சாரம் வேண்டும். 32 வோல்ட் கொடுத்துவிட்டு 51 வோல்ட்டுக்குரிய எண்ணைப் பெட்டியில் அச்சிடுவது, சிப்பைத் தயாரித்தவர் எழுதிய உண்மையை எடுத்து, கருவியைக் கூட்டி விற்பவர் பொய்யாக்கும் வேலை. இந்த வகை ஆம்ப்ளிஃபயர்கள் அனைத்திலும் இதைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இயக்கும் பிரிட்ஜ் முறையில் அமைந்த கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரின் உச்ச வோல்ட்டேஜ், அடாப்டரின் வோல்ட்டேஜைத் தாண்டாது. ஆகவே அடாப்டர் வோல்ட்டேஜை அதனாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓம் மதிப்பின் இரு மடங்கால் வகுத்தால் அதிகபட்ச வாட் கிடைத்துவிடும். 32 வோல்ட், 8 ஓம் என்றால் 64 வாட். 4 ஓம் என்றால் 128 வாட். இவை இழப்புகளைக் கழிக்காத மேல்வரம்புகள்.

8 ஓம் பவர் ரெசிஸ்டரை இணைத்து, ஆசிலோஸ்கோப்பில் அலையின் முகடு தட்டையாகத் தொடங்கும் இடம்வரை வால்யூமை ஏற்றிப் பார்த்தேன். ரெசிஸ்டரின் முனைகளில் மல்டிமீட்டர் 21.5 வோல்ட் காட்டியது. 21.5-ஐ அதனாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் 58 வாட். கணக்கு சொன்னதற்கும் கருவி தந்ததற்கும் இடைவெளி மிகக் குறைவு. இதற்காக அந்தச் சிப்பையும் போர்டை வடிவமைத்தவரையும் மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டு சேனல்களிலும் 4 ஓம் ரெசிஸ்டர்களை இணைத்து ஒரே நேரத்தில் ஏற்றியபோது கதை மாறியது. ஒவ்வொன்றிலும் 17 வோல்ட்டை, அதாவது 72 வாட்டை நெருங்கும்போது அடாப்டரின் வோல்ட்டேஜ் சரியத் தொடங்கி, பச்சை விளக்கு மின்னி, அடாப்டர் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. சில விநாடிகள் கழித்துத் திரும்ப உயிர் பெற்றது. பாதுகாப்பு ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்பது நிறை. 4 ஓம் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு உரக்கக் கேட்பவருக்கு இந்த அடாப்டர் போதாது என்பது குறை.

இப்போது, 300 என்று எழுதியிருக்க 58 தான் வருகிறது என்றால், ஐந்தில் நான்கு பங்கு ஒலியை இழந்துவிட்டோமா? இல்லை. இழந்தது 7 டெசிபல். ஒலியின் உரப்பு வாட்டோடு சேர்ந்து நேர்கோட்டில் ஏறுவதில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் மட்டுமே கூடும். அது கவனித்துக் கேட்டால் தெரியும் மாற்றம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட் ஆம்ப்ளிஃபயரை விட்டு 100 வாட்டுக்கு மாறுபவர், வால்யூம் குமிழை ஒரு சிறு அளவு திருப்பியதற்குச் சமமான மாற்றத்தைத்தான் பெறுகிறார். 80 வாட்டா 100 வாட்டா என்று நடக்கும் விவாதங்களில் இருக்கும் வேறுபாடு 1 டெசிபலைக்கூடத் தொடாது.

இன்னொரு அளவையும் பார்க்க வேண்டும்: நாம் உண்மையில் எத்தனை வாட்டில் பாட்டுக் கேட்கிறோம்? 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) கொண்ட ஸ்பீக்கர்களை இணைத்து, இரண்டரை மீட்டர் தள்ளி அமர்ந்த இடத்தில் ஒலிமானி 75 டெசிபல் காட்டும்வரை, எல்லா அதிர்வெண்களும் கலந்த பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஒலிக்கவிட்டேன். அது பேச்சைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவு. அந்த நிலையில் ஸ்பீக்கர் முனைகளில் இருந்தது 1.2 வோல்ட். கணக்கிட்டால் 0.18 வாட், அரை வாட்கூட இல்லை. மீதி வாட்டுகள் எதற்கு என்றால், இசையின் திடீர் முகடுகளுக்கு. இசையில் சராசரி அளவை விட 10 டெசிபலும் அதற்கு மேலும் எழும்பும் முகடுகள் வந்துகொண்டே இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஒரு மீட்டு, சராசரியை விடப் பத்து இருபது மடங்கு வாட்டை ஒரு கணத்துக்குக் கேட்கும். அந்தக் கணத்தில் அலையின் தலை வெட்டப்படாமல் இருப்பதற்கான இடைவெளிதான் ஆம்ப்ளிஃபயரின் வாட். அதை ஒலியின் பருமனாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

என்னிடம் இருந்த இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களில் இதே ஆம்ப்ளிஃபயர் நடந்துகொண்ட விதம் இந்தக் குழப்பத்தைத் தெளிவாகக் காட்டியது. முதல் ஜோடி, மேசை மேல் வைக்கும் அளவிலான மூடிய பெட்டிகள்; ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் பகுதி), 8 ஓம், 86 டெசிபல், பின்னால் ஒட்டிய தாளில் 150 வாட். இரண்டாவது ஜோடி, தரையில் நிற்கும் பழைய பெரிய பெட்டிகள். பத்து அங்குல வூஃபர், முகப்பில் காற்று போய்வரும் போர்ட் துளை, 8 ஓம், 91 டெசிபல், தாளில் எழுதியிருப்பது 80 வாட். வாட்டை மட்டும் பார்ப்பவர் முதல் ஜோடியைத்தான் எடுப்பார். ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் தொடாமல் கம்பிகளை மட்டும் மாற்றி இணைத்தால், இரண்டாவது ஜோடி உடனடியாக உரக்க ஒலிக்கிறது. பேஸோ ஒப்பிடவே முடியாத அளவுக்கு ஆழமாக இறங்குகிறது.

உரப்புக்கான விளக்கம் எளிது. சென்சிட்டிவிட்டி என்பது, 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்த ஒலி. 8 ஓமில் அது 1 வாட்டுக்குச் சமம். 86-க்கும் 91-க்கும் இடையே உள்ள 5 டெசிபல், வாட் கணக்கில் மூன்று மடங்குக்குச் சற்று மேல். அதாவது இந்த 58 வாட் ஆம்ப்ளிஃபயர், பெரிய ஸ்பீக்கரில் எழுப்பும் ஒலியைச் சிறிய ஸ்பீக்கரில் எழுப்ப 180 வாட்டுக்கு மேல் தேவைப்படும். ஸ்பீக்கரின் தாளில் எழுதியுள்ள 150, 80 ஆகிய எண்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண்கள். எவ்வளவு ஒலிக்கும் என்பதை அவை சொல்வதில்லை. 4 ஓம் ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்கு இடையில் ஓர் எச்சரிக்கை: அதே 2.83 வோல்ட், 4 ஓமில் 2 வாட்டாகிவிடுவதால், அத்தகைய ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 3 டெசிபல் கூடுதலாகத் தோற்றமளிக்கும்.

பேஸுக்கான விளக்கம்தான் இந்த விஷயத்தின் உயிர். ஒலி என்பது நகர்த்தப்படும் காற்று. ஒரே உரப்பை வைத்துக்கொண்டு அதிர்வெண்ணைப் பாதியாக்கினால், வூஃபரின் கூம்பு வடிவ முகமான கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஆடி எழுப்பிய ஒலியை 40 ஹெர்ட்ஸில் எழுப்ப 4 மில்லிமீட்டரும், 20 ஹெர்ட்ஸில் எழுப்ப 16 மில்லிமீட்டரும் ஆட வேண்டும். ஆறரை அங்குல வூஃபரின் காற்றைத் தள்ளும் பரப்பு ஏறக்குறைய 135 சதுர செண்டிமீட்டர். ஒழுங்காக ஆடக்கூடிய தூரம் ஒரு பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்களை வைத்தே, மூடிய பெட்டியில் 40 ஹெர்ட்ஸில் அது ஒரு மீட்டர் தொலைவில் எழுப்பக்கூடிய உச்ச ஒலி சுமார் 89 டெசிபல் என்று கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கில் வாட் எங்குமே வருவதில்லை. எவ்வளவு வலிமையான ஆம்ப்ளிஃபயரை இணைத்தாலும், கோனின் பரப்பும் அதன் ஆட்டமும் விதிக்கும் கூரை அது.

அந்தக் கூரையை எத்தனை வாட்டில் முட்டுகிறோம் என்பதையும் பார்த்துவிடலாம். இந்தச் சிறிய ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸில், நடு அதிர்வெண்களை விட 8 டெசிபல் குறைவாக ஒலிக்கிறது. அதாவது 1 வாட்டுக்கு 78 டெசிபல். 78-லிருந்து 89-க்குப் போக 11 டெசிபல் வேண்டும். அதற்கு 13 வாட் போதும். பதின்மூன்றே வாட்டில் கோன் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. தாளில் உள்ள 150 வாட்டில் மீதி 137 வாட்டை 40 ஹெர்ட்ஸில் கொடுத்தால் பேஸ் கூடாது. கோனைத் தாங்கும் ஸ்பைடர், சரவுண்ட் என்ற பாகங்கள் இழுத்துப் பிடிக்க, "டப்" என்ற அடி சத்தமும் மேல் ஸ்வரங்களின் கலப்பும்தான் கூடும். நாற்பது ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து வால்யூமை மெல்ல ஏற்றும்போது இதைக் கண்ணாலும் காதாலும் பின்தொடர முடிகிறது. முதலில் கோனின் விளிம்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு அசைகிறது. ஒலி மென்மையாக, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி இருக்கிறது. இன்னும் ஏற்றினால் ஒரு கட்டத்தில் ஒலியின் ஆழம் கூடுவது நின்று, ஸ்பீக்கர் இருக்கும் திசை காதுக்குத் தெரியத் தொடங்குகிறது. அது 80, 120 ஹெர்ட்ஸில் டிஸ்டார்ஷன் பிறந்துவிட்டதன் அடையாளம். வால்யூம் குமிழ் அப்போதும் பாதியைத் தாண்டவில்லை.

பத்து அங்குல வூஃபரின் பரப்பு சுமார் 340 சதுர செண்டிமீட்டர். அதே 5 மில்லிமீட்டர் ஆட்டத்தில் 8 டெசிபல் கூடுதல் ஒலி. 89 என்ற கூரை 97 ஆகிறது. மேலும் போர்ட் துளை தனக்குரிய அதிர்வெண்ணுக்கு அருகில் தானே காற்றை நகர்த்துவதால் அங்கே கோன் ஆட வேண்டிய தேவையும் குறைகிறது. சிறு விசிறியை எவ்வளவு வேகமாக வீசினாலும் பெரிய விசிறி நிதானமாக அசைந்து தரும் காற்று வராது என்பதைப் போன்றதே இது. போர்ட் பெட்டிகளுக்கு ஒரு பலவீனமும் உண்டு: துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே கோனுக்குப் பின்னால் காற்றின் பிடிமானம் இல்லாமல் போய், சிறு வாட்டுக்கே அது தாறுமாறாக ஆடும். காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டர் இந்த ஆம்ப்ளிஃபயரில் இல்லாததால், இசைத்தட்டு கேட்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். தட்டின் நெளிவிலிருந்து பிறக்கும் கேட்காத அசைவுகளே வூஃபரைப் போட்டு உலுக்கிவிடும்.

சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே ஸ்பீக்கரில் பெற முடியும் என்பதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இத்துறையினர் சொல்வார்கள். கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்றாவது எழுத்துக்கு உரிய ஹாஃப்மன்தான் அவர். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் 1954-இல் மூடிய சிறு பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தபோது விலையாகக் கொடுத்தது சென்சிட்டிவிட்டியைத்தான். அந்தச் சிறு பெட்டிகளுக்கு முந்தைய பெரிய பெட்டிகளை விட அதிக வாட் தேவைப்பட்டது. வாட் கூடினால் பேஸ் கூடும் என்ற நம்பிக்கைக்கு அந்த மாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஒலி குறைவான சிறு பெட்டிகளுக்கு வலிமையான ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது உண்மை. ஆனால் அந்த வலிமை ஈடுசெய்தது இழந்த சென்சிட்டிவிட்டியை. பேஸைக் கொண்டுவந்தது பெட்டியின் வடிவமைப்பு.

இனி இந்த ஆம்ப்ளிஃபயரின் பேஸ் குமிழுக்கு வருகிறேன். அதை முழுவதும் திருப்பினால் 60 ஹெர்ட்ஸ் பகுதியில் 10 டெசிபல் ஏறுகிறது. வாட் உண்மையிலேயே தீர்ந்துபோகும் இடம் இதுதான். 10 டெசிபல் என்பது பத்து மடங்கு வாட். 5 வாட்டில் நிம்மதியாக ஒலித்துக்கொண்டிருந்த பேஸ், குமிழைத் திருப்பிய கணமே 50 வாட்டைக் கேட்கிறது. வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் 58 என்ற எல்லை வந்து, ஒவ்வொரு பேஸ் அடியிலும் பாடகரின் குரலும் சேர்ந்து கரகரக்கிறது. ஏனென்றால் வெட்டப்படும் அலையில் குரலும் ஏறிச் செல்கிறது. குமிழை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி நகர்த்தியபோது கூடுதல் வாட் எதுவுமில்லாமலே பேஸ் நன்றாக நிறைந்தது. சுவரின் பிரதிபலிப்பு குறைந்த அதிர்வெண்களில் 6 டெசிபல் வரை கூட்டித் தரக்கூடும். வாட்டில் அது நான்கு மடங்கு. அறையின் மூலையில் வைத்தால் இன்னும் கூடும், ஆனால் அங்கே பேஸ் குழம்பிப் போவதும் சேர்ந்தே வரும்.

அறையைப் பற்றி இன்னொன்று. நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸ் அலை, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நின்ற அலையாக அமைந்துவிடும். சுவரோரத்தில் அந்த ஸ்வரம் முழங்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். நடுவில் நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டு பேஸ் போதவில்லை என்று ஆம்ப்ளிஃபயரை மாற்றுபவர்களுக்கு எந்த வாட்டும் உதவாது, ஏனென்றால் ஒலியை ஏற்றினால் அதை ரத்து செய்யும் பிரதிபலிப்பும் அதே அளவுக்கு ஏறும். நாற்காலியை ஒரு மீட்டர் பின்னால் தள்ளுவது உதவும்.

காதின் இயல்பும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலியில் ஒரே உரப்பாகக் கேட்கும் என்று காட்டும் வளைகோடுகளை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் வெளியிட்டார்கள். பின்னர் ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேசத் தரநிலையாகத் திருத்தி அமைக்கப்பட்ட அவற்றின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாகக் கேட்கும் அதே உரப்பு 50 ஹெர்ட்ஸில் கேட்க ஏறக்குறைய 78 டெசிபல் வேண்டும். ஒலி உயர உயர இந்த இடைவெளி சுருங்குகிறது. மெல்லிய ஒலியில் பேஸ் காணாமல் போவதும், உரக்க வைத்தால் "பேஸ் எழுந்து வருவதும்" இதனால்தான். வலிமையான ஆம்ப்ளிஃபயரில் பேஸ் அதிகம் என்று பலர் உணர்வதற்கும் பல நேரங்களில் காரணம், அதைக் கூடுதல் ஒலியில் கேட்டதுதான். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடுபவர்கள் ஒலியைச் சமமாக்கிவிட்டுக் கேட்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதும் அதனால்தான். கைப்பேசிச் செயலியால் அளப்பவர்கள் ஏ வெயிட்டிங் என்ற தெரிவை மாற்றி சி வெயிட்டிங்கில் வைக்க வேண்டும். ஏ வெயிட்டிங் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலைக் கழித்துவிடும் என்பதால் பேஸ் அங்கே இல்லாததுபோல் தோன்றும்.

ஸ்பீக்கர் தாளில் உள்ள வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது என்றேன். தாங்க வேண்டியது வெப்பத்தை. 86 டெசிபல் ஸ்பீக்கர், பெறும் மின்சாரத்தில் கால் விழுக்காட்டைத்தான் ஒலியாக்குகிறது. மீதி அனைத்தும் கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் வெப்பமாகிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 விழுக்காடு ஏறும். காயில் 100 டிகிரி சூடேறினால் தடை 39 விழுக்காடு கூடி, ஒலி ஏறக்குறைய 3 டெசிபல் இறங்குகிறது. இரட்டிப்பு வாட் கொடுத்துப் பெற்றதை வெப்பம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எனவே 150 வாட் ஸ்பீக்கருக்கு 150 வாட் ஆம்ப்ளிஃபயர்தான் "பொருந்தும்" என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. வாட் குறைந்த ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று சொல்லப்படுவதும் அரைகுறையான உண்மை. குறைந்த வாட் எதையும் எரிப்பதில்லை. அதை எல்லைக்கு மேல் முறுக்கி, நெடுநேரம் கிளிப்பிங்கில், அதாவது அலையின் தலை வெட்டப்படும் நிலையில், ஓட்டுவதுதான் எரிக்கிறது. தலை முழுவதும் வெட்டப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலையின் வாட், அதே உச்சமுள்ள சைன் அலையை விட இரு மடங்கு. அதில் பிறக்கும் மேல் அதிர்வெண்கள் சில வாட் மட்டுமே தாங்கும் ட்வீட்டருக்கு (உயர்ந்த ஒலிகளை எழுப்பும் பகுதி) போய்ச் சேர்கின்றன. குரல் கரகரத்தால் குமிழை இறக்குபவரிடம் 58 வாட் ஆம்ப்ளிஃபயரும் 150 வாட் ஸ்பீக்கரும் பல்லாண்டு பத்திரமாக இருக்கும்.

கருவியின் மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்வீட்டரில் காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்குத்தான் இரைச்சல். சுவிட்சைப் போடும்போது சிறிய "டொப்" சத்தம் வருகிறது, தவிர்த்திருக்கலாம். வால்யூம் குமிழின் தொடக்கத்தில் இடது சேனல் சற்று முந்திக்கொண்டு ஒலிக்கிறது, ஒன்பது மணி நிலையைத் தாண்டியதும் சரியாகிவிடுகிறது; இரவில் மெல்லமாகக் கேட்பவர்களுக்கு இது தொல்லை. ஸ்பீக்கர் டெர்மினல்கள் நெருக்கமாக இருப்பதால் உரித்த கம்பியின் இழைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிப்பில் நெகட்டிவ் முனைகளும் மின்சாரம் ஏற்றவை. அவற்றை ஒன்றாகப் பிணைப்பதோ தரையோடு இணைப்பதோ கூடவே கூடாது.

ஆக, 88 டெசிபலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள 8 ஓம் ஸ்பீக்கர்கள் வைத்திருப்பவருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். என் அறையில் 86 டெசிபல் ஜோடியிலேயே அமரும் இடத்தில் 100 டெசிபல் முகடுகளை இது எட்டுகிறது. தொடர்ச்சியான 100 டெசிபலை ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு. அதற்கு மேல் வாட் தேடுவதைக் காதின் நலன் கருதி நான் ஊக்குவிக்க மாட்டேன். பேஸ்தான் குறை என்றால், ஆம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கிய பணத்தைப் பெரிய கோன் உள்ள ஸ்பீக்கருக்கோ, தனக்கென ஆம்ப்ளிஃபயர் கொண்ட சப்வூஃபருக்கோ மாற்றிவிடுவது நல்லது. சப்வூஃபர் வந்ததும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பாரம் சிறிய ஸ்பீக்கர்களிடமிருந்து இறங்கிவிடும்படி ஹை பாஸ் ஃபில்டரும் அமைத்தால், இந்த 58 வாட்டே பெருஞ்செல்வமாகத் தோன்றும்.

அடாப்டரை 48 வோல்ட்டுக்கு மாற்றினால் என்ன என்ற கேள்வி இந்த வகை ஆம்ப்ளிஃபயர் வாங்கும் எல்லோருக்கும் வரும். கணக்குப்படி 64 வாட் 144 வாட்டாகும், காதுக்கு 3.5 டெசிபல். சென்சிட்டிவிட்டி குறைந்த ஸ்பீக்கர்களைப் பெரிய அறையில் கேட்பவருக்கு அது பயன்படலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் அடாப்டரைக் கழற்றிவிட்டுக் கூட்டைத் திறந்து, மின்சாரம் வரும் இடத்தில் நிற்கும் பெரிய கப்பாசிட்டர்களின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்: 63 வோல்ட் என்றிருந்தால் மாற்றலாம், என்னிடம் வந்த கருவியில் இருப்பதுபோல் 50 வோல்ட் என்றிருந்தால், 32 வோல்ட் அடாப்டரோடே நிறுத்திக்கொள்ள வேண்டும்.